நீலம் தட்டிய படங்கள்

செருப்புத் தொழிற்சாலைக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை வருடத்துக்கு ஒரு முறை அந்த ஸ்டூடியோவுக்கு வரும். முதலாளி கேமராவோடு போய் எடுத்துக்கொண்டு வருவார். கம்ப்யூட்டரில் வைத்துச் சரிசெய்து கொடுப்பது அவள். ஸ்டூடியோவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை. ஒரு காலை மடக்கி, மறு காலைத் தொங்கவிட்டு, இப்போதே எழுந்து ஓடப்போகிறவளைப் போலத்தான் உட்காருவாள். டீ குடிக்கும்போதுகூட ஒரு கை மவுஸைத் தேடும்.

வேலை என்னவோ ஒன்றேதான். படத்தைத் திறக்க வேண்டும். முகம் நடுவில் வருகிற மாதிரி வெட்ட வேண்டும். நிறத்தைச் சரிசெய்து, பின்னால் தெரியும் சுவரை வெள்ளையாக்க வேண்டும். கண்ணின் வெள்ளையை லேசாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். சேமித்து மூட வேண்டும். அடுத்த முகம். அதற்கடுத்த முகம். போன வருடம் இந்த வேலையை முடித்தபோது மணிக்கட்டு வீங்கிப்போய், தலை வாரக்கூட இடது கையைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அதனால் இந்த வருடம் அவள் வேறு வழி பார்த்தாள். அந்த மென்பொருளிலேயே ஆக்‌ஷன் என்று ஒரு வசதி உண்டு. ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு ஒரே ஒரு படத்தை நாம் சரிசெய்து காட்டினால், செய்ததையெல்லாம் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு ஃபோல்டரைக் கைகாட்டிவிட்டால் போதும், உள்ளே இருக்கும் அத்தனை படத்துக்கும் அதையே செய்து முடித்துவிடும். எல்லாரையும் ஒரே அறையில், ஒரே ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரே விளக்கில் எடுத்த படங்கள்தான் என்பதால் இந்த வேலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணைத் தேய்ப்பதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். கண் ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கும், அதை ஆக்‌ஷனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. நிறத்துக்கு, ஒவ்வொரு படத்தையும் தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ கலரை வைத்தாள்.

பொத்தானை அழுத்தினாள். முகங்கள் திரையில் வந்து, வெட்டுப்பட்டு, வெளுத்து, மறைந்தன. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இருப்புக்கொள்ளவில்லை. மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையை மறுபடியும் துடைத்தாள். வயர்களைச் சுருட்டிக் கட்டினாள். கடைசியில், முடிந்துபோன படங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தாள். அதைத் தவிரச் செய்ய எதுவும் இல்லை.

முதலாளி எட்டிப்பார்த்தார். “என்ன, பம்பரம் நின்னுடுச்சு?”

“அது பாட்டுக்கு ஓடுது சார். எனக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.”

“வேலை செய்யாம வேலை முடியறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும். அனுபவி.”

அவர் போன பிறகுதான் நீலம் தட்டிய முதல் படம் அவள் கண்ணில் பட்டது. சுவர் வெள்ளையாக இல்லை, சலவை நீலத்தில் முக்கி எடுத்த துணிபோல இருந்தது. உட்கார்ந்திருந்த பெண்ணின் உதடும் வெளிறிப்போயிருந்தது. ஆக்‌ஷன் எங்கோ சொதப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து நாலைந்து படங்கள் சரியாக இருந்தன. பிறகு மறுபடியும் ஒரு நீலம். அதற்கப்புறம் பெரும்பாலும் நீலமாகவே வந்துகொண்டிருந்தது.

ஆக்‌ஷனை அழித்துவிட்டுப் புதிதாக ரெக்கார்ட் செய்தாள். மறுபடியும் ஓடவிட்டாள். அதே ஆட்கள்தான் நீலமானார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழிற்சாலையில் எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. தோளில் தைத்திருக்கும் பட்டையில் மட்டும் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். நீலமான படங்களில் அந்தப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒட்டும் பிரிவு. அடுத்ததும் ஒட்டும் பிரிவு. செருப்பின் அடித்தட்டைப் பசை தடவி ஒட்டுகிற இடம் அது. வேறு பிரிவுக்காரர் ஒருவர்கூட நீலமாகவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“அவங்க வர்ற நேரத்துல வெளிச்சம் மாறியிருக்கும். பக்கத்துல ஜன்னல் இருக்கே. மேகம் கீகம் வந்திருக்கும்.”

“நடுவுல இந்த வாட்ச்மேன் வந்து உட்கார்ந்திருக்கார் சார். அவருக்கு மட்டும் மேகம் விலகிடுச்சா?”

“அவரு கறுப்பு, அதனால தெரியல.”

“அவருக்குப் பின்னாடி இருக்கிற சுவரும் கறுப்பா சார்?”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, “எப்படியோ சரிபண்ணு, அட்டைக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஆட்டோ கலரை எடுத்துவிட்டு, நீலமான படங்களின் அசலைத் திறந்தாள். அசலில் சுவர் மற்றவர்களின் படத்தில் இருந்த அதே மங்கலான வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் குற்றமில்லை. முகத்தில்தான் மஞ்சள் இருந்தது. இயந்திரம் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, அதை ஈடுகட்ட நீலத்தை ஊற்றியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணின் வெள்ளை, வெயிலில் கிடந்து நிறம் மாறிய தாளைப் போல இருந்தது. அடுத்த படம். அதிலும் அப்படித்தான். அந்தப் பிரிவில் நீலமாகாத இரண்டு பெண்களுக்கு மட்டும் கண் வெள்ளையாக இருந்தது; போன வருடம் அவள் பார்க்காத புது முகங்கள் அவை.

அடுத்து வந்த முகம் அவளுடைய நாத்தனார்.

கணவனின் அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து, பல வருடமாக இவர்களோடுதான் இருக்கிறாள். செருப்புத் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவில் வேலை. தினமும் காலையில் ஒரே அடுப்பங்கரையில் முட்டிமோதிக்கொள்கிற முகம். படத்தில் வழக்கம்போல, கேமராவையே அதட்டப்போகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

பம்பரம் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். பழைய டிஸ்க்கைத் தேடியெடுத்து, போன வருடத்து அசலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். போன வருடம் அதே கண் பளிங்குபோல இருந்தது. இந்த முறையும் கையால் செய்திருந்தால், வழக்கம்போல ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம் என்று நினைத்தபடி இரண்டு படத்தையும் இன்னும் பெரிதாக்கினாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வேலை விட்டு வந்ததும், பின்னாலேயே அடுப்பங்கரைக்குள் போனாள். அங்கே எரிந்தது குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் பாத்திரம், சுவர், தன் கை, எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது.

“அண்ணி, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

நாத்தனார் திரும்பினாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. “இன்னும் கொஞ்சம்” என்று பம்பரம் அவள் தாடையில் கைவைத்தாள்.

“ஏம்மா, கத்திரிக்காய் வாங்கறவ மாதிரி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற. சொத்தை எங்கயாவது தெரியுதா?”

“உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு அண்ணி?”

“உடம்பு இருக்கு. அது போதாதா? நகரு, பால் பொங்குது.”

மறுநாள் காலையில், நாத்தனார் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கும்போது வழியை மறித்து நின்றாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இப்போது சந்தேகமே இல்லை.

“அண்ணி, ஒண்ணு கேட்பேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போறப்ப ரொம்ப மஞ்சளா போகுதா?”

நாத்தனார் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். “நல்ல நேரம் பார்த்து, நல்ல இடம் பார்த்துக் கேட்கிற.”

“சொல்லுங்க.”

“போகுது. தண்ணி குடிக்கிறது கம்மி. அதுக்கென்ன?”

“சாப்பாடு இறங்குதா?”

“வயசானா எல்லாமே கொஞ்சம் தகராறு பண்ணும். விடு, பஸ் போயிடும்.”

“உங்க கண்ணு மஞ்சளா இருக்கு அண்ணி. உங்க பிரிவுல முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கு. படத்துல பார்த்தேன். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“நீ எப்ப டாக்டரான? படத்துக்குப் பவுடர் போடறவதானே நீ.” சொல்லிவிட்டு அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நாலடி போனதும் திரும்பி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னாள். “இதை வெளியில உளறிக்கிட்டு இருக்காதே. அங்க எங்க லீடரம்மாவுக்கு சூப்பர்வைசர் பதவி வரப்போகுது. இந்த நேரத்துல பிரிவுல சீக்குன்னு பேச்சு வந்தா என்னைத் தின்னுடுவா.”

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எதையும் கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயைத் திறப்பான்.

“அக்கா சொன்னா கேட்கமாட்டா. உனக்குச் சும்மா இருக்க வராது. நடுவுல நான் யாரைப் பிடிச்சு நிறுத்துறது?”

“நிறுத்த வேணாம். தள்ளிவிடுங்க.”

“படத்துல மஞ்சளா இருந்தா மஞ்சள்தானா? என் படத்துல நான் குண்டா இருக்கேன்.”

“நீங்க குண்டாத்தான் இருக்கீங்க.”

அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டிலும் ஸ்டூடியோவிலும் நடந்துகொண்டே இருந்தாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்களைப் பார்த்தாள். அவர்கள் முறைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருவேளை தப்பாக இருந்தால் என்ற நினைப்பு ஒரு பக்கம் அரித்தது. சரியாக இருந்தால் என்ற நினைப்பு இன்னொரு பக்கம் அரித்தது. நாத்தனாரைக் காணும்போதெல்லாம், ஏதாவது ஒன்று வாயிலிருந்து நழுவிவிடும். கஞ்சி குடிங்க. அந்தப் பசையைத் தொடாதீங்க. இன்னைக்கு லீவு போடுங்க.

கடைசியில் நாத்தனாரே ஒரு விடுமுறை நாளில் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள். “காட்டு அந்தப் படத்தை. பார்த்துத் தொலைச்சிட்டுப் போறேன். நீ பேசறது என் காதுல ரீங்கரிச்சுக்கிட்டே இருக்கு.”

பம்பரம் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். போன வருடத்து முகம் இடது பக்கம், இந்த வருடத்து முகம் வலது பக்கம். நாத்தனார் தன்னைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

“வெயில்ல அலைஞ்சா இப்படித்தான் ஆகும்” என்றாள்.

அடுத்ததைக் காட்டினாள்.

“இது நம்ம சிரிப்பாணி. எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பா.” அடுத்தது. “இவளுக்கு இப்பத்தான் குழந்தை பிறந்துச்சு.” அடுத்தது. “லீடரம்மா.” அங்கே நிறுத்தினாள். லீடரம்மாவின் வலது பக்கத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணின் மஞ்சள் யாருக்கும் இல்லாத அளவுக்கு அடர்த்தியாக இருந்தது.

“பக்கத்துல உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறோம்” என்றாள் நாத்தனார். “ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பார்க்கிறதில்ல. கையைத்தான் பார்ப்போம்.”

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். “புதுப் பசை வந்ததுல இருந்துதான் சிரிப்பாணிக்குத் தலைசுத்து. காத்தை வெளிய தள்ளுற ஃபேனும் ஓடல. சொல்லிக்கிட்டே இருக்கோம், ஆள் வருதுன்னு சொல்றாங்க.”

“போலாமா அண்ணி?”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“இன்னைக்கு ஆஸ்பத்திரியும் லீவு. நாளைக்குப் போறேன்.” எழுந்தாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். “நான் மட்டும் போகமாட்டேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்.”

சொன்னபடியே செய்தாள். அடுத்த நாள் காலை ஒட்டும் பிரிவில் பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் பொது ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். லீடரம்மா வரவில்லை. பம்பரம் ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனாள். டாக்டர் சின்ன வயதுக்காரி. பம்பரம் செல்போனில் காட்டிய படங்களைப் பொறுமையாகப் பார்த்தாள்.

“படத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஆனா நேர்ல பார்த்தாலே தெரியுது. ரத்தம் எடுத்துடலாம்” என்றாள். பிறகு நாத்தனாரிடம், “எந்தப் பசைன்னு டப்பாவுல எழுதியிருக்கிறதை எனக்குக் கொண்டுவந்து கொடுங்க” என்றாள்.

விஷயம் தொழிற்சாலைக்கு எட்ட நேரம் ஆகவில்லை. மறுநாளே மேனேஜரிடமிருந்து ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. முதலாளி “சரி சார், சரி சார்” என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் நடந்தார். வைத்ததும் அவள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் அப்படி வந்து உட்காருவது வழக்கமில்லை.

“எங்க ஆளுங்க படத்தை யாரைக் கேட்டு வெளிய காட்டினீங்கன்னு கேட்கிறார்.”

“அவங்க படத்தை அவங்களுக்குத்தான் சார் காட்டினேன்.”

“அதையும் சொல்லிப் பார்த்தேன். அட்டை நாளைக்கு வேணுமாம். எல்லாருக்கும் கண்ணு நல்லா இருக்கிற மாதிரி பண்ணி அனுப்பணுமாம். போன வருஷம் பண்ணின மாதிரி.”

அவள் திரையைப் பார்த்தாள். ஆக்‌ஷனால் முடியாத வேலை அது. ஒவ்வொரு கண்ணாகத் தேடிப்போய், அவள் கைதான் தேய்க்க வேண்டும். சிரிப்பாணியின் கண்ணை. லீடரம்மாவின் கண்ணை. வீட்டில் இருக்கிறவளின் கண்ணை. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போய்த் தண்ணீர் குடித்தாள்.

“என்னால முடியாது சார். வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்கோங்க.”

முதலாளி மோவாயைச் சொறிந்துகொண்டார். அந்தத் தொழிற்சாலை வேலை கையைவிட்டுப் போனால் என்னாகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

“அடையாள அட்டைன்னா அடையாளம் தெரியணும்” என்றார் கடைசியில், யாரிடமோ வழக்காடுகிறவரைப் போல. “ஆள் எப்படி இருக்காங்களோ அப்படித்தான் இருக்கணும். வெட்டி, சுவரை மட்டும் வெள்ளையாக்கி அனுப்பு. கேட்டா நான் பேசிக்கிறேன்.”

அப்படியே அனுப்பினாள். அதற்கடுத்த வருடம் அந்த வேலை வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. சோதித்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஈரல் கெட்டிருந்தது. சிலருக்கு லேசாக, சிலருக்கு அதிகமாக. நாத்தனாருக்கு நடுத்தரம். பசையின் வாடையே படக்கூடாது, மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்றாள் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், அதிகாரிகள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். ஒட்டும் பிரிவைப் பூட்டினார்கள். பசையை மாற்றி, ஃபேனைச் சரிசெய்து, எல்லாருக்கும் பரிசோதனை முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள்.

யாரும் பம்பரத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த பெண்களில் சிலர், வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லீடரம்மா பஸ் நிறுத்தத்தில் வைத்து நேராகவே கேட்டாள்.

“நீதானே அந்தக் கம்ப்யூட்டர்காரி? உன்னை யாரு எங்களைப் பார்க்கச் சொன்னது? படம் கேட்டா படத்தைக் கொடுக்க வேண்டியதுதானே. இத்தனை அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போயிட்டியே.”

அவள் லீடரம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் கோபத்தைத் தூண்டிவிட்டது. “இன்னும் பார்க்கிறா பாரு” என்று சொல்லிவிட்டு லீடரம்மா பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஓய்வு என்பது நாத்தனாருக்குப் பழக்கமில்லாத வேலை. அடுப்பங்கரையில் டப்பாக்களை இடம் மாற்றினாள், மறுநாள் மறுபடி மாற்றினாள். பம்பரம் ஓரிடத்தில் வைத்ததை அவள் வேறிடத்தில் எடுத்து வைத்தாள். உப்புக்கும் சர்க்கரைக்கும் சண்டை நடந்தது. ஒருநாள் நாத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு, “நீ பார்க்காம இருந்திருந்தா நான் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கிட்டு இருப்பேன்” என்றாள்.

“போய்க்கிட்டே இருந்திருப்பீங்க. அப்புறம் ஒரேயடியா போயிருப்பீங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து கரண்டியை எடுத்து, கழுவி, அதன் இடத்தில் மாட்டினாள். அன்று முழுவதும் இருவரும் பேசவில்லை. மறுநாள் மாத்திரை எங்கே என்று கேட்கிற சாக்கில் நாத்தனார்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

பிரிவைத் திறப்பதற்கு முன் நடந்த கட்டாயப் பரிசோதனையில் லீடரம்மாவின் முடிவுதான் எல்லாரையும்விட மோசமாக வந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு கட்டத்தில் பிழைப்பாளா என்றே பேச்சு வந்தது. பிழைத்தாள். பாதி உடம்பாக வீட்டுக்கு வந்தாள். சூப்பர்வைசர் பதவி சிரிப்பாணிக்குப் போனது. நாத்தனாரைத் துணி வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

புதுப் பிரிவில் சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை லீடரம்மாவைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றாள் நாத்தனார். தனியாகப் போக அவளுக்குத் தயக்கம். “நீயும் வா. உள்ள வரவேணாம், தெருவுல நில்லு” என்றாள்.

லீடரம்மாவின் வீடு, சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்ற ஒரு வாசல். நாத்தனார் உள்ளே போனாள். பம்பரம் தெருவில் நின்றாள். நிற்க முடியாமல் தெருக்கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள். உள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. சத்தம் உயர்ந்தால் உள்ளே ஓடவேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். உயரவில்லை. அதுவும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. லீடரம்மாவே நின்றாள். தோளில் ஒரு போர்வை, வெயில் காலத்தில்.

“உள்ள வா. வாசல்ல நீ போறதையும் வர்றதையும் பார்த்தா எனக்குத் தலை சுத்துது.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லீடரம்மா மெதுவாகக் கட்டிலில் சாய்ந்தாள்.

“என் படமும் உன்கிட்ட இருக்காமே. நல்லா இருந்த வருஷத்துப் படம்.”

“இருக்கு.”

“என் பையன் கேட்கிறான். நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப, எங்கம்மா நல்லா இருந்தப்ப எடுத்த ஒரு படம்கூட வீட்டுல இல்லையேன்னு அழுதானாம்.”

“நாளைக்கே பிரிண்ட் போட்டுக் கொண்டுவர்றேன்.”

“அதையும் கொண்டா. இந்த வருஷத்துப் படத்தையும் கொண்டா.” லீடரம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “எல்லாரும் சொல்றாங்க. நான் இன்னும் பார்க்கல.”

பம்பரம் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தலையை அசைத்தாள்.

“சரி, கொண்டுவர்றேன்” என்றாள்.

“உடனே எழுந்திருக்காதே” என்றாள் லீடரம்மா. “இப்பத்தானே வந்த. உட்காரு.”